குழந்தையைக் காக்கும் சட்டம் நிரந்தரம். காப்பவருக்கு ஓராண்டு ஒப்பந்தமா?

கண்டன அறிக்கை
கீழப்பாவூர் வட்டாரக் கிளை, தென்காசி மாவட்டம்

குழந்தைகளையும் பெண்களையும் காக்கும் பணியை ஓராண்டு ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் மதிப்பூதியத்திலும் ஆள் வைத்து நடத்திவரும் ஒன்றிய அரசையும் தமிழ்நாடு அரசையும் எங்கள் சங்கத்தின் கீழப்பாவூர் வட்டாரக் கிளை வன்மையாகக் கண்டிக்கிறது.

அங்கன்வாடிப் பணியாளருக்கென நிர்ணயித்த 4,500 ரூபாய் மதிப்பூதியத்தை, 2018 அக்டோபர் 1-க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் கடந்தும் உயர்த்தாத ஒன்றிய அரசைக் கண்டிக்கிறோம். சத்துணவு மையங்களுக்கு 8,997 சமையல் உதவியாளர்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்க 2024 இறுதியில் முடிவெடுத்த தமிழ்நாடு அரசைக் கண்டிக்கிறோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் குழந்தைகள் உதவி மையத்திலும், சமூகப்பணியில் பட்டம் பெற்றவர்களைத் தற்காலிகப் பணியாளர்களாகவே வைத்திருக்கும் இரு அரசுகளின் போக்கையும் கண்டிக்கிறோம்.

எந்தவொரு அதிகாரியின் மீதும் தனிப்பட்ட கோபம் வைத்து இந்த அறிக்கையை நாங்கள் எழுதவில்லை. ஆட்சிகள் மாறியும் மாறாத ஓர் ஏற்பாட்டை எதிர்த்து எழுதுகிறோம். எங்கள் சங்கத்தில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், ஆற்றுப்படுத்துநர்கள் இருக்கிறார்கள், அங்கன்வாடி ஊழியர்கள், சத்துணவு ஊழியர்கள் இருக்கிறார்கள். பதவிப் பெயர்கள் வேறு, துறைகள் வேறு. போய் நிற்கிற வீட்டு வாசல் பல நேரம் ஒன்றாகவே இருக்கிறது. அதனால்தான் ஒரே அறிக்கையாகப் பேசுகிறோம்.

எங்கள் வட்டாரத்தில் இந்த வேலை என்னவாக இருக்கிறது

திருநெல்வேலி–தென்காசி சாலையில் பயணம் செய்கிறவர்கள் எங்கள் வட்டாரத்தைப் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையை வைத்து அடையாளம் காண்பார்கள். சந்தைக்கும் வயலுக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பகல் முழுதும் இருக்கும் இடம் அங்கன்வாடி. மடியில் சொளகு வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் இங்கே தெருத்தெருவாக இருக்கிறார்கள். வீட்டில் கடன் கூடினால் முதலில் பள்ளியை விட்டு நிற்பது பெண்பிள்ளை. அடுத்ததாக அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்கும். புளியரை தாண்டினால் கேரளம். வேலை தேடிப் போகும் ஆண்களும், வேலைக்கு அனுப்பப்படும் சிறுவர்களும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கூட்டத்தில் பெற்றோரின் கையை விட்டுத் தவறும் குழந்தை, கடையில் எச்சில் தட்டு கழுவும் குழந்தை, அருவிக்கரையில் பிச்சைக்கு உட்கார்த்தப்பட்ட குழந்தை என்று பலரையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர்களைத் தேடிப் போகிறவர்கள் யார்? குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு வந்தால் கிளம்புகிற வழக்குப் பணியாளர். அடிபட்டு வரும் பெண்ணைப் பெண்கள் உதவி எண் 181 வழியாகவோ நேரிலோ ஏற்றுக்கொள்ளும் சேவை மையப் பணியாளர். எடை குறைந்த பிள்ளையின் வீட்டுக்கு நடந்துபோய்த் தாயிடம் பேசும் அங்கன்வாடி ஊழியர். இவர்களில் யாருடைய வேலையும் மாலை ஐந்து மணியோடு முடிவதில்லை. சேவை மையம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அந்த 24 மணி நேரத்தையும் நிரப்புகிறவர்கள் நாளைக்கும் வேலை உண்டா என்று தெரியாதவர்கள்.

சட்டம் விதிக்கும் கெடுவும் சட்டம் தராத பாதுகாப்பும்

இளைஞர் நீதிச் சட்டம் 2015 பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தச் சொல்கிறது. சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்கச் சொல்கிறது. குழந்தையை முதன்முதலில் முன்னிலைப்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கெடு. அறிக்கை என்பது ஒரு படிவத்தை நிரப்புவதோடு முடிவதில்லை. குழந்தை வாழ்ந்த வீடு, உறவுகள், பள்ளி, அக்கம்பக்கம், வருமானம், பயம், விருப்பம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து எழுத வேண்டும். அதை நம்பித்தான் ஒரு பிள்ளை வீட்டுக்குத் திரும்புவதா, இல்லத்தில் இருப்பதா என்று முடிவாகிறது.

இந்தக் கனமான வேலைக்கு, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா ஒரு சமூகப் பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய் நிர்ணயித்திருக்கிறது. புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். வேலைவாய்ப்பு அறிவிப்பிலேயே "முற்றிலும் தற்காலிகமானது" என்று அச்சிட்டுவிடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் பத்து ஊராட்சி ஒன்றியங்கள். சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரை, திருவேங்கடத்திலிருந்து கடையம் வரை பரந்த மாவட்டம் இது. மாவட்ட அலகு ஒன்றுக்கு இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர் என்பதுதான் திட்டம் வகுத்த அளவு. மக்கள்தொகைக்கு ஏற்ப, வழக்கின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆள் கூட வேண்டும் என்ற எளிய கணக்கைக்கூட யாரும் போடவில்லை. ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகளின் வழக்கைக் கையில் வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. கையில் இருக்கும் வழக்குகள் பெருகப் பெருக, ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்கும் நேரம் குறைகிறது. அந்த நட்டம் குழந்தைக்குத்தான்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான போக்சோ சட்டத்தின் வழக்கில், குழந்தையோடு காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் துணை நிற்கும் ஆதரவு நபருக்கு, திறன்பெற்ற தொழிலாளிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆதரவு நபர்களின் தகுதி, பயிற்சி, ஊதியம் குறித்து விரிவான ஆணையே பிறப்பித்தது. தகுதிக்கு ஏற்ற ஊதியம் வேண்டும் என்று நீதிமன்றம் வரை பேசப்பட்ட பிறகும், குழந்தைகள் பாதுகாப்பில் அன்றாடம் உழைக்கும் மற்றவர்களுக்கு அந்த அளவுகோல் எட்டவில்லை.

1098 உதவி எண் 1996-இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத்திட்டமாகத் தொடங்கி நாடெங்கும் பரவியது. தொண்டு நிறுவனப் பணியாளர்கள் இரவு பகலாக அந்த எண்ணை உயிரோடு வைத்திருந்தார்கள். 2023-இல் அரசே அதை ஏற்றபோது, அந்த அனுபவசாலிகளின் பணித் தொடர்ச்சிக்கு எந்த உறுதியும் தரப்படவில்லை. அரசு பொறுப்பேற்பதை நாங்கள் வரவேற்கிறோம். எண்ணை எடுத்துக்கொண்ட அரசு, அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்களைக் கைவிட்டதைத்தான் கண்டிக்கிறோம்.

அங்கன்வாடியின் மேல் ஏற்றிக்கொண்டே போகும் சுமை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கி, 2025-இல் ஐம்பது ஆண்டுகளை நிறைவுசெய்தது. தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஐம்பது ஆண்டாக நடக்கும் ஒரு வேலையைச் செய்கிறவரை இன்னமும் மதிப்பூதியத் தன்னார்வலர் என்று கணக்கு எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

தமிழ்நாட்டில் அங்கன்வாடி ஊழியர்களுக்குச் சிறப்பு காலமுறை ஊதியம் இருக்கிறது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. பல மாநிலங்களில் அதுகூட இல்லை. அந்த ஏற்பாடு முன்னோடிகள் பல்லாண்டு போராடிப் பெற்றது. ஆனால் 2025-இல் 7,783 காலிப் பணியிடங்களை நிரப்ப வந்த அறிவிப்பு என்ன சொன்னது? அங்கன்வாடிப் பணியாளருக்கு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன் பிறகே காலமுறை ஊதியம். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 296 ரூபாய். சமையல் உதவியாளரின் 3,000 ரூபாயை அதே கணக்கில் வகுத்தால் 115 ரூபாய். 2025–26 நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். மண்வெட்டி பிடிக்கும் கைக்கு அந்தக் கூலி போதாது என்பதே எங்கள் நிலை. அந்தப் போதாத கூலியைவிடக் குறைவாக, பிள்ளைகளுக்குச் சோறாக்கும் கைக்கு அரசே கொடுக்கிறது.

7,783 என்ற எண்ணிக்கையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அவற்றில் 3,886 இடங்கள் பணியாளருக்கானவை, 305 குறு மையங்களுக்கானவை, 3,592 உதவியாளருக்கானவை. அந்த இடங்கள் காலியாகக் கிடந்த காலமெல்லாம் பக்கத்து மையத்தின் ஊழியர் கூடுதல் பொறுப்பு பார்த்தார். உதவியாளர் இல்லாத மையத்தில் சமையலும் அவரே, பாடமும் அவரே, பதிவேடும் அவரே.

இந்த நிலையில் 2025 ஜூலை 1 முதல், வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவைக் கொடுக்க முக அடையாளப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தாயின் ஆதார் விவரத்தைச் சரிபார்த்து, செல்போனுக்கு வரும் எண்ணைக் கேட்டு, முகத்தைப் படமெடுத்து, போஷன் டிராக்கர் செயலி ஒப்புக்கொண்ட பிறகுதான் மாவு. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போயிருக்கும் பெண்ணின் செல்போன் எண் வெளியூரில் வேலை செய்யும் கணவனிடம் இருக்கும். சிக்னல் கிடைக்காத மையத்தில் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். கர்ப்பிணிப் பெண் வெயிலில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பும்போது அவர் திட்டுவது டெல்லியை அல்ல. எதிரே நிற்கிற ஊழியரை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கன்வாடி உணவைச் சட்டபூர்வ உரிமையாக்கியிருக்கிறது. ஒரு செயலி முகத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காக அந்த உரிமையை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. முறைகேட்டைத் தடுப்பதற்கு நாங்கள் எதிரியல்ல. ஊழியரையும் பயனாளியையும் ஒருசேரச் சந்தேகத்துக்குரியவர்களாக நிறுத்துவதைத்தான் கண்டிக்கிறோம்.

இதோடு முடியவில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடுவீடாகப் படிவத்தோடு அலைந்தவர்களில் அங்கன்வாடி ஊழியர்கள் ஏராளம். பணிச்சுமை தாங்காமல் பல மாநிலங்களில் அலுவலர்கள் உயிரிழந்த செய்திகள் வந்தன. 2025 டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றமே தலையிட்டு, கூடுதல் ஆட்களை நியமித்துச் சுமையைக் குறைக்குமாறு மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது. தேர்தல் பணி என்றால் அரசு ஊழியர், ஓய்வூதியம் என்றால் தன்னார்வலர் என்ற இரட்டைக் கணக்கை எப்படி ஏற்பது?

கதவைத் தட்டுகிறவருக்குப் பாதுகாப்பு எங்கே

1992-இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி என்ற பெண் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப் பணியாளராக இருந்த அவர் செய்த ஒரே 'குற்றம்', ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றது. விசாரணை நீதிமன்றம் 1995-இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருக்காக எழுந்த போராட்டத்திலிருந்தே 1997 ஆகஸ்ட் 13-இல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் அலுவலகம் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைத்த சட்டப் பாதுகாப்பு, ஓர் ஊர்ப் பணியாளர் கொடுத்த விலையில் வந்தது. 2005 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் குழந்தைத் திருமணங்களைத் தடுக்கப் போன அங்கன்வாடி மேற்பார்வையாளர் சகுந்தலா வர்மாவின் கைகள் வெட்டப்பட்டன.

2013-ஆம் ஆண்டின் அந்தப் பணியிடச் சட்டம், பணி நிமித்தம் போகும் இடத்தையும் பணியிடமாகவே கருதுகிறது. பத்துப் பேருக்குக் குறைவான பணியிடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. களப்பணியில் இருக்கும் எத்தனை பெண்களுக்கு அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

எங்கள் ஊர்களில் நடப்பது இதுதான். பதினெட்டு வயது நிறையாத ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது முதலில் தெரியவருவது கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் தண்டனை. சொன்னாலோ, அதே தெருவில் அதே குழாயடியில் அந்தக் குடும்பத்தின் முகத்தில் தினமும் விழிக்க வேண்டும். "நீதான் காட்டிக்கொடுத்தே" என்ற பேச்சும் மிரட்டலும் அவர் வீட்டுக் கதவுக்கே வரும். சட்டம் அவர் தோளில் கடமையை ஏற்றியது. அவரை ஊரிலிருந்து காப்பாற்றும் வழியை எந்தத் துறையும் வகுக்கவில்லை. குழந்தைத் திருமணத்தை நிறுத்தப் போகும் சமூகப் பணியாளருக்குத் துறை வாகனம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கடைசிப் பேருந்து. காவலர் துணை வருவதும் வராததும் அன்றைய சூழ்நிலை.

தொழில் நெறியைக் குலைக்கும் உத்தரவுகள்

சமூகப்பணி ஒரு தொழில். 1936-இல் பம்பாயில் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனமும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளியும் தொடங்கியபோதே நம் நாடு அதை ஒப்புக்கொண்டுவிட்டது. களப்பயிற்சி, ரகசியம் காத்தல், பயனாளியின் சம்மதம், மேற்பார்வை ஆகியவை அந்தத் தொழிலின் அடித்தளம். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் எல்லாச் சமூகப் பணியாளர்களுக்குமான மன்றமோ பதிவேடோ இன்றுவரை இந்தியாவில் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களை மட்டும் உள்ளே சேர்த்தது. இங்கிலாந்தில் பதிவு பெறாத ஒருவர் ஏமாற்றும் நோக்கில் தன்னைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். இங்கே ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அறிக்கையை எழுதுகிறவரின் நெறியைக் காக்கவும் மன்றமில்லை, அவரைக் காக்கவும் மன்றமில்லை.

அதன் விளைவைக் களத்தில் பார்க்கிறோம். போன இடத்துக்குச் சான்றாகப் படம் எடுத்து உடனே வாட்ஸ்ஆப் குழுவில் போடச் சொல்லும் பழக்கம் அரசுத் திட்டங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் போக்சோவின் 23-ஆவது பிரிவும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியிருக்கின்றன. பாதிக்கப்பட்ட குழந்தையின் முகமோ வீடோ தெரியும் படத்தை எந்த அலுவலகம் கேட்டாலும் அது சட்டமீறல். அனுப்ப மறுப்பது பணியாளரின் கடமை. ஆனால் அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவர் எப்படி மறுப்பார்? பணிப் பாதுகாப்பு எங்களுக்கு மட்டும் வேண்டிய சலுகை அல்ல என்று நாங்கள் சொல்வது இதனால்தான். தவறான உத்தரவுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கக்கூடிய பணியாளர்தான் குழந்தையைக் காக்க முடியும். சக்தி வாய்ந்த குடும்பத்துக்கு எதிராக உண்மையை அறிக்கையில் எழுத, எழுதுகிறவரின் காலுக்குக் கீழே உறுதியான தரை வேண்டும்.

அரசுகள் சொல்லும் காரணங்களுக்கு எங்கள் பதில்

"இது மதிப்பூதியப் பணி, பகுதிநேரப் பணி" என்கிறார்கள். 2022 ஏப்ரல் 25 அன்று மணிபென் மகன்பாய் பாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்துவிட்டது. அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் செய்வது முழுநேர வேலை என்பதைக் கணக்கில் எடுத்து, 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 2013-இல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்கவும் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்கவும் பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக அமர்ந்து எடுத்த முடிவு அது.

"ஒப்பந்தம் என்று தெரிந்துதானே சேர்ந்தீர்கள்" என்கிறார்கள். ஒரே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும் சம ஊதியம் உண்டு என்று 2016 அக்டோபர் 26-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பர் 20-இல் ஜக்கோ வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பெயரில் ஆள் வைப்பதைக் கடுமையாகக் கண்டித்தது. தற்காலிகப் பணியாளர்களை முறைப்படுத்துவதைக் கட்டுப்படுத்திய 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பைப் பணியாளர்களுக்கு எதிரான ஆயுதமாக அரசுகள் பயன்படுத்துவதையும் அதில் சுட்டிக்காட்டியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பலன் தொடரும் என்று 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு பலனையும் ஒவ்வொருவராக உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் வாங்க வேண்டும் என்றால், கீழப்பாவூரிலிருந்து டெல்லிக்கு யார் செலவு செய்வது?

"திட்டக் காலம் முடிந்தால் நிதி இல்லை" என்கிறார்கள். மிஷன் வாத்சல்யாவும் பெண்களுக்கான மிஷன் சக்தியும் 2025–26 வரை என்று நிதிக்குழுக் காலத்தோடு சேர்த்து ஒப்புதல் பெற்றவை. திட்டத்துக்குக் காலக்கெடு இருக்கலாம். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்க வேண்டும் என்று சொல்லும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுக்குக் காலக்கெடு கிடையாது. சட்டப்படி இருந்தே தீர வேண்டிய அமைப்பை, திட்ட நிதியின் தயவில் விட்டுவைத்தது அரசுகளின் தவறு. அதன் தண்டனையைப் பணியாளர் சுமக்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள்

1. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் உதவி மையம் ஆகியவற்றின் பணியிடங்களைச் சட்டபூர்வ நிரந்தரப் பணியிடங்களாக அறிவித்து, இப்போது பணியாற்றுவோரை அவர்களின் பணிக்காலத்தைக் கணக்கில் எடுத்து முறைப்படுத்த வேண்டும்.

2. அதுவரை, ஒப்பந்தப் புதுப்பிப்பை ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு விடாமல், எழுத்துபூர்வமான காரணமும் விளக்கம் அளிக்கும் வாய்ப்பும் இன்றி யாரையும் நீக்கக்கூடாது என்று அரசாணை வெளியிட வேண்டும்.

3. அங்கன்வாடிக்கான மதிப்பூதியத்தை ஒன்றிய அரசு உடனே உயர்த்தி, விலைவாசிக் குறியீட்டோடு இணைக்க வேண்டும்.

4. அங்கன்வாடி, சத்துணவுப் பணிகளில் தொகுப்பூதிய நியமனத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டு, சேரும் நாளிலிருந்தே காலமுறை ஊதியம் வழங்க வேண்டும்.

5. 2022 தீர்ப்பின்படி பணிக்கொடையை, ஓய்வுபெற்றவர்கள் வழக்குப் போடாமலேயே கணக்கிட்டு வழங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தருகின்றன. அந்தப் பலன் திட்டப் பணியாளருக்கும் உண்டு என்று தெளிவான ஆணை வேண்டும்.

6. முக அடையாளப் பதிவு தோற்றாலும் சத்துமாவு நிற்காது, பதிவேட்டில் கையொப்பம் பெற்று வழங்கலாம் என்று எழுத்துபூர்வமாக அறிவிக்க வேண்டும். செயலிக் கோளாறுக்கு ஊழியரிடம் விளக்கம் கேட்பதை நிறுத்த வேண்டும்.

7. ஒரு சமூகப் பணியாளர் கையாளும் வழக்குகளுக்கு உச்சவரம்பு வகுத்து, மாவட்டத்தின் பரப்புக்கும் வழக்குகளுக்கும் ஏற்பப் பணியிடங்களைக் கூட்ட வேண்டும். பயணப்படியை மாதந்தோறும் வழங்க வேண்டும்.

8. மீட்புப் பணிக்கும் குழந்தைத் திருமணத் தடுப்புக்கும் போகும் பணியாளருக்கு வாகனமும் காவலர் துணையும் கட்டாயமாக்க வேண்டும். தகவல் தந்த ஊழியரின் பெயரை வெளியிடுவோர் மீது நடவடிக்கை வேண்டும். உள்ளூர்ப் புகார்க் குழுவின் விவரத்தை ஒவ்வொரு மையத்திலும் எழுதி வைக்க வேண்டும்.

9. குழந்தைகளின் அடையாளம் தெரியும் படங்களைச் செல்போன் குழுக்களில் கேட்பதைத் தடைசெய்து சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

10. கொடூரங்களை நாள்தோறும் கேட்கும் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் முறையான மேற்பார்வையும் மனநல ஆதரவும் ஓய்வும் வேண்டும். சமூகப் பணியாளர்களுக்கான சட்டபூர்வ மன்றத்தை ஒன்றிய அரசு அமைக்க வேண்டும்.

சக ஊழியர்களுக்கும் பொதுமக்களுக்கும்

இந்தக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியர் வழியாக இரு அரசுகளுக்கும் மனுவாக அளிக்கிறோம். கோரிக்கை அட்டை அணிந்து பணிசெய்வதே எங்கள் முதற்கட்டம். குழந்தைகளின் உணவும், இரவில் வரும் உதவி அழைப்பும் எங்கள் போராட்டத்தால் ஒரு மணி நேரம்கூடத் தடைப்படாது என்று உறுதி கூறுகிறோம். அரசுகள் எங்கள் பொறுப்புணர்வைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம்.

சக ஊழியர்களே! அங்கன்வாடி வேறு, சமூகப்பணி வேறு, சத்துணவு வேறு என்று பிரித்துவைத்ததால்தான் இத்தனை காலம் நம் குரல் தனித்தனியாக அடங்கியது. துறை பார்க்காமல் சேருங்கள். உங்கள் நியமன ஆணை, புதுப்பிப்பு ஆணை, ஊதியச் சீட்டு ஒவ்வொன்றின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாக வரும் சட்டவிரோத உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.

கீழப்பாவூர் வட்டாரத்துப் பெற்றோரே, பெரியோரே! மாவு கிடைக்காத அன்று எங்கள் ஊழியரிடம் கோபப்படுவதற்கு முன் அது ஏன் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வரும் பெண்ணை ஊருக்குப் பகையாளியாகப் பார்க்காதீர்கள். அவர் உங்கள் மகளுக்காக வருகிறார். ஊராட்சிக் கூட்டத்தில் எங்கள் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் அங்கன்வாடிக் கூலியையும் சமூகப் பணியாளரின் ஒப்பந்தத்தையும் பற்றிக் கேளுங்கள்.

ஒரு குழந்தையின் பாதுகாப்பு மார்ச் 31-உடன் காலாவதி ஆவதில்லை. அதைக் காப்பவரின் வேலையும் அப்படிக் காலாவதி ஆகக்கூடாது. இரு அரசுகளும் இதை ஏற்று ஆணையிடும் வரை எங்கள் கண்டனம் தொடரும்.

இவண்,
கிளைச் செயற்குழு,
கீழப்பாவூர் வட்டாரம், தென்காசி மாவட்டம்.